கடலைத் தாண்டினால் பறவை மாறும்!

பறவை பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகச் சுற்றும் குழுக்கள் இருக்கின்றன, தெரியுமா? எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்துகொள்வார்கள். வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார். ஆளுக்கொரு பைனாகுலர், ஆளுக்கொரு நோட்டு. எந்த நாள் எந்தக் காடு என்று புறப்படும் முன்பே அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாளில் ஒரு நாளுக்கு எதிரே மட்டும் 'பயணம்' என்று ஒரே ஒரு சொல் இருக்கும். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போகிற நாள் அது. "அன்றைக்கு ஒன்றும் கிடையாது, தூங்கலாம்" என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட ஒரு நாளைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். இடம் இந்தோனேசியா. பாலி என்ற தீவிலிருந்து அதற்குக் கிழக்கே உள்ள லொம்போக் தீவுக்குப் போகிறோம். மாதம் அக்டோபர். குழுவில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டீர்களா? சரி, கிளம்பலாம்.

விடிந்ததும் வேன் புறப்படுகிறது. வழியெங்கும் வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் தென்னை ஓலையில் மடித்த சின்னத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் பூ வைத்திருக்கிறார்கள். பாலியில் பெரும்பாலோர் இந்துக்கள். தினமும் இப்படிப் படைப்பது அவர்கள் வழக்கம்.

வேன் ஒரு மரத்தடியில் நிற்கிறது. மேலேயிருந்து 'டுக்... டுக்... டுக்...' என்று யாரோ செம்பைத் தட்டுவது போல ஓசை. இது உங்களுக்குத் தெரிந்த ஓசைதான்! நம் ஊர் ஆலமரத்திலும் அரசமரத்திலும் வெயில் நேரத்தில் விடாமல் கேட்குமே, செம்மார்புக் குக்குறுவான், அதேதான். நம் ஊர்ப் பறவைக்குத் தொண்டை மஞ்சள். பாலியில் இருப்பதற்குத் தொண்டையும் கன்னமும் சிவப்பு. மற்றபடி இரண்டும் ஒரே இனம். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டு வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படாங்பாய் துறைமுகத்தில் பெரிய ஃபெர்ரி கப்பல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. லாரி, பஸ், மோட்டார் சைக்கிள் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போகின்றன. பொட்டலச் சோறு விற்பவர்கள் கப்பலுக்குள்ளேயே ஏறி வந்து கூவுகிறார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாலைந்து மணி நேரப் பயணம். இடையில் உள்ள லொம்போக் நீரிணையின் அகலம் என்னவோ சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் கப்பல் மெதுவாகப் போகும். போய்ச் சேர்ந்தபின் கரை கட்ட இடம் கிடைக்கக் காத்திருக்கவும் வேண்டும். மேல்தளத்தில் நிழலாகப் பார்த்து உட்காருங்கள். வயிற்றைப் புரட்டுபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், தொலைவானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால் நல்லது.

கப்பல் ஆடத்தான் செய்யும். பசிபிக் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீர் இந்தியப் பெருங்கடலுக்குப் பாய்ந்து வரும் வாசல்களில் இந்த நீரிணையும் ஒன்று. நீரோட்டம் வேகமானது. அந்த வேகத்தில் கீழேயுள்ள இரை மேலே வரும். இரை வந்தால் மீன் வரும், மீன் வந்தால் பறவை வரும். அதோ, மிதக்கும் ஒரு மரக்கட்டையில் வரிசையாக ஆலாக்கள்! பறக்கும் மீன்கள் வெள்ளிக் காசுகளைச் சிதறினாற்போல் எழும்பி மறைகின்றன. சற்றுத் தள்ளி, அலைமேல் கைப்பிடி அளவில் ஏதோ மிதக்கிறதே? அது ஃபாலரோப் என்னும் சின்னஞ்சிறு உள்ளான். வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இந்தக் கடலுக்கு வருகிறது. கரைக்கு வராமல் கடல்மேலேயே மாதக்கணக்கில் மிதக்கும்! பம்பரம் போல் தண்ணீரில் சுழலும். அந்தச் சுழலில் மேலே வரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும். உடம்பின் எடை 40 கிராம்கூட இராது.

இப்போது ஒரு கேள்வி. துருவத்திலிருந்து இத்தனூண்டு உள்ளான் வந்துவிடுகிறது. பாலியில் காலையில் பார்த்த குக்குறுவானுக்கும் சிறகு இருக்கிறது. ஆனால், எதிரே கண்ணுக்குத் தெரிகிற லொம்போக்கில் குக்குறுவான் ஒன்றுகூட இல்லை. லொம்போக்கில் மட்டுமல்ல, அங்கிருந்து கிழக்கே போகும் தீவு வரிசை எதிலும் இல்லை. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்ற ஆங்கிலேயர். வீட்டில் பண நெருக்கடி. 14 வயதோடு அவர் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. பிறகு தானாகவே படித்தார். வண்டு பிடிக்கப் பழகினார். வண்டும் பறவையும் சேகரித்து விற்றே உலகம் சுற்றினார். 1854 முதல் 1862 வரை எட்டு ஆண்டுகள் இந்தத் தீவுகளில் அலைந்தார்.

வேடிக்கை என்னவென்றால், பாலிக்கும் லொம்போக்குக்கும் அவர் வரவேண்டும் என்று நினைக்கவே இல்லை! அவர் போக விரும்பிய ஊர் மக்காசர். அது வடக்கே சுலவேசி தீவில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து அங்கே நேராகப் போகக் கப்பல் கிடைக்கவில்லை. சீன வணிகர் ஒருவரின் பாய்மரக் கப்பல் பாலிக்குப் போகிறது என்றார்கள், ஏறிக்கொண்டார். 20 நாள் கடலில் கழித்து, 1856 ஜூன் மாதம் பாலியில் இறங்கினார். இரண்டு நாள் தங்கினார். பிறகு நீரிணையைக் கடந்து லொம்போக்கின் அம்பெனான் துறைக்கு வந்து, மக்காசர் போகும் கப்பலுக்காகக் காத்திருந்தார். நம் அச்சுத்தாள் கணக்கில் சொன்னால், அவருக்கு அதெல்லாம் வெறும் 'பயணம்'!

காத்திருந்த அந்த நாட்களில்தான் அவர் கவனித்தார். பாலியில் கண்டவை ஆசியாவின் பறவைகள். லொம்போக்கில் மரம் மரமாக வெள்ளை நிறத்தில், மஞ்சள் கொண்டையோடு காக்கட்டூ கிளிகள் கூச்சல் போட்டன. காக்கட்டூ ஆஸ்திரேலியப் பக்கத்துக் கிளி. தேன்குடிப் பறவைகளும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. ஒரு பகல் பயணத்தில் ஒரு கண்டத்தின் பறவைகள் முடிந்து, இன்னொரு கண்டத்தின் பறவைகள் தொடங்கிவிட்டன! பின்னால் அவர் வரைபடத்தில் இந்த நீரிணை வழியாக வடக்கு நோக்கி ஒரு கோடு போட்டார். 1868-ல் ஹக்ஸ்லி என்ற அறிஞர் அதற்கு 'வாலஸ் கோடு' என்று பெயர் வைத்தார். இன்றும் அதே பெயர்தான். நேராக மக்காசருக்குக் கப்பல் கிடைத்திருந்தால், தம் பயணத்தின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் சிலவற்றைத் தவறவிட்டிருப்பேன் என்று வாலஸே பிறகு எழுதி வைத்திருக்கிறார்.

சரி, காரணம் என்ன? நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைந்திருக்கும்போது நடுவே இரண்டு மூன்று திட்டுகள் தீவு போலத் தெரியும். கோடையில் நீர் வற்றினால் கரையோரத் திட்டுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் மண் வெட்டியெடுத்த ஆழமான பள்ளத்துக்கு அப்பால் இருக்கும் திட்டுக்குப் போக முடியாது. பள்ளத்தில் நீர் நிற்கும். கடலிலும் இதுதான் நடந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பூமி மிகவும் குளிர்ந்திருந்தது. ஏராளமான நீர் பனிக்கட்டியாக நிலத்தில் உறைந்து கிடந்தது. அதனால் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஜாவாவுக்கும் பாலிக்கும் இடையே உள்ள ஆழம் சுமார் 60 மீட்டர்தான். அங்கே தரை தெரிந்தது, காடும் வளர்ந்தது. ஆசியப் பெருநிலத்திலிருந்து பாலி வரை புலி நடந்து வந்தது. குக்குறுவான் மரத்துக்கு மரம் தாவித் தாவி வந்தது. ஆனால் நாம் இப்போது கப்பலில் கடக்கும் இந்த நீரிணை, ஆழம் குறைந்த இடத்திலேயே 200 மீட்டருக்கு மேல். அது வற்றவே இல்லை! லொம்போக்கில் புலி இருந்ததே இல்லை. பாலியில் இருந்தது, அதையும் 20-ஆம் நூற்றாண்டில் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள்.

நமக்கும் இலங்கைக்கும் நடுவே இருக்கும் பாக் நீரிணை இதற்கு நேர் எதிர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தூரம் ஏறக்குறைய இதே அளவு. ஆனால் ஆழம் மிகக் குறைவு. கடல் தாழ்ந்த காலத்தில் அது தரையாக இருந்தது. யானையும் சிறுத்தையும் இரு கரையிலும் இருப்பது அதனால்தான்.

"சார், பறவைக்குத்தான் சிறகு இருக்கிறதே, தரை எதற்கு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சிறகு இருந்தால் போதாது, கடல்மேல் பறக்கும் பழக்கமும் வேண்டும். காட்டு நிழலில் பழம் தின்று, மரப்பொந்தில் கூடு கட்டும் பறவை, வெட்டவெளிக் கடலைக் கண்டால் திரும்பிவிடும். எல்லாப் பறவையும் அப்படியல்ல. சின்ன மரங்கொத்தி ஒன்று இப்பால் இருந்து லொம்போக்கைத் தாண்டியும் போயிருக்கிறது. தேன்குடிப் பறவை ஒன்று அப்பால் இருந்து பாலிக்கு வந்திருக்கிறது. வாலஸ் போட்டது கோடுதான், மதில் சுவர் அல்ல.

பேசிக்கொண்டே வந்ததில் பாலியின் அகுங் எரிமலை பின்னால் மங்கிவிட்டது. முன்னால் லொம்போக்கின் ரிஞ்சானி மலை, 3,726 மீட்டர், மேகத்துக்கு மேலே தலையை நீட்டுகிறது. லெம்பார் துறைமுகத்தில் இறங்குகிறோம். கோயில் கோபுரங்கள் குறைந்து, மசூதிகள் தெரிகின்றன. வேன் வடக்கே போகிறது. வழியில்தான் அம்பெனான், வாலஸ் காத்திருந்த அதே ஊர்.

காக்கட்டூ எங்கே என்று எல்லோரும் கண்ணாடி வழியாகத் தேடுகிறார்கள். இல்லை. வழிகாட்டி தலையை ஆட்டுகிறார். வாலஸ் கூட்டம் கூட்டமாகப் பார்த்த கிளி இன்று லொம்போக் காடுகளில் இல்லையென்றே சொல்லவேண்டும். அழகு என்று பிடித்தார்கள், கூண்டில் அடைத்தார்கள், கப்பலேற்றி விற்றார்கள். காடும் குறைந்தது. இப்போது உலகிலேயே அழியும் ஆபத்து மிக அதிகமுள்ள கிளிகளில் அதுவும் ஒன்று. 2005 முதல் காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்க உலக அளவில் தடை இருக்கிறது. கூத்தைக் கேளுங்கள்: ஹாங்காங் நகரத்தில், கூண்டிலிருந்து தப்பிய கிளிகளின் வாரிசுகள் சுமார் 200 பூங்கா மரங்களில் திரிகின்றன. சொந்தத் தீவில் இல்லாத கிளி, கட்டடங்களுக்கு நடுவே கத்திக்கொண்டிருக்கிறது! நம் நாட்டிலும் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எத்தனை வீட்டில் தெரிந்திருக்கிறது?

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். பாலி மைனா என்று ஒன்று உண்டு. பால் வெள்ளை உடல், கண்ணைச் சுற்றி நீலம். உலகத்தில் பாலி தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. இந்தோனேசியாவின் 200 ரூபியா நாணயத்தில்கூட அதன் படம் இருந்தது. 2001-ல் காட்டில் எண்ணியபோது சுமார் ஆறே ஆறு மைனாக்கள்! கூண்டில் வளர்ந்தவற்றைப் பெருக்கித் திரும்பக் காட்டில் விட்டார்கள். 2006 முதல் பக்கத்திலுள்ள நுசா பெனிடா தீவிலும் விட்டார்கள். அங்கே கிராமத்தாரே கூடி, பறவை பிடிக்கக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டார்கள். இன்று மேற்குப் பாலியின் தேசியப் பூங்காவில் பல நூறு மைனாக்கள் இருக்கின்றன.

மாலை. கெரண்டாங்கன் என்னும் சிறு பள்ளத்தாக்குக் காட்டுக்கு வந்துவிட்டோம். சருகில் பரபரவென்று சத்தம். கோழி அளவில், ஆரஞ்சு நிறப் பெரிய பாதங்களோடு ஒரு பறவை, காலால் சருகை வாரி வாரிப் பின்னால் எறிகிறது. மெகபோடு! இதுவும் ஆஸ்திரேலியப் பக்கத்துக் குடும்பம். மண்ணையும் சருகையும் பெரிய மேடாகக் குவித்து, அதற்குள் முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். அடைகாப்பதே இல்லை. சருகு மக்கும் சூட்டிலேயே முட்டை பொரியும். குஞ்சு தானே மண்ணைத் தோண்டி வெளியே வரும். தாய் சொல்லிக்கொடுக்காமலே பிழைத்துக்கொள்ளும். இதன் உறவுக்காரப் பறவை ஒன்று நம் இந்தியாவில் நிக்கோபார் தீவுகளில் இருக்கிறது. கடற்கரையை ஒட்டியே மேடு கட்டும் பழக்கத்தால், 2004 சுனாமியில் பெரும் பாதிப்புக்கு ஆளானது.

இருட்டியதும் எல்லோரும் டார்ச்சை அணைத்துவிட்டு நிற்கிறோம். கொசு கடிக்கிறது, அடிக்கக்கூடாது, சத்தம் கேட்கும். மேலே மரக்கிளையிலிருந்து, 'போக்'. கொஞ்சம் பொறுத்து மறுபடி, 'போக்'.

அது ரிஞ்சானி ஆந்தை. உலகில் லொம்போக்கில் மட்டுமே இருக்கிறது. அருங்காட்சியகத்தில் இதன் பாடம் செய்த உடல்கள் நூறாண்டாகக் கிடந்தும், வேறொரு ஆந்தை என்றே நினைத்திருந்தார்கள். 2003 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் இரண்டு ஆய்வாளர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், இதன் குரல் வேறு என்று கண்டுகொண்டார்கள். 2013-ல் அறிவியல் பெயர் வைத்தார்கள். பதிவு செய்த குரலை ஊர் மக்களிடம் போட்டுக் காட்டினால், "இதுவா? எங்கள் 'போக்' பறவை" என்றார்களாம். அவர்களுக்கு அது புதுப் பறவையே அல்ல!

விடுதிக்குத் திரும்பியதும் குழுவினர் வட்டமாக உட்கார்ந்து அன்றைய பட்டியலைச் சரிபார்ப்பார்கள். வழிகாட்டி பெயர் வாசிப்பார், பார்த்தவர்கள் கை தூக்குவார்கள். உங்கள் நோட்டைத் திறங்கள். முதல் வரியில் நட்சத்திரம் போட்ட குக்குறுவான். இனி வரும் நாட்களில் அந்தப் பெயருக்கு எதிரே எதுவும் எழுத வேண்டியிருக்காது. கடைசி வரியில் 'போக்' பறவை. இடையில் கடலில் பார்த்தவை ஏழோ எட்டோ. கப்பலில் தூங்கியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் நோட்டை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். காட்டிவிட்டுச் சாப்பிடப் போங்கள், சோறு ஆறுகிறது.