தானியங்கியும் விமானியும்

கேளம்பாக்கத்து உப்பளங்களில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு, மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து செல்வனவாகத் தென்படும் பிரயாணிகள் விமானங்களை, வழியின் பெரும்பகுதி நடத்தி வந்தது விமானியின் கையன்று, ஆட்டோபைலட் என்னும் யந்திரமே என்று சொன்னால், முதன்முறை விமானம் ஏறப்போகிறவர் சற்றுத் திகிலடையக்கூடும். இச்சாதனம் நேற்றுப் பிறந்ததன்று. 1914-லேயே லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞர், பாரிஸுக்கு அருகில் ஸேன் நதியின்மேல், இரு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு, ஜைரோஸ்கோப்பின் துணையால் விமானம் தானே சமநிலை காப்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார். தத்துவம் இன்றும் அதுவே: உணர்கருவிகள் விமானத்தின் சாய்வை அறிவிக்க, கணிப்பொறி அதனை இடப்பட்ட கட்டளையோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குத் தக்கவாறு இறக்கையிலும் வாலிலுமுள்ள மடல்களைத் திருப்புகிறது.

ஆனால் யந்திரம் கட்டளையை அறியுமேயன்றி உத்தேசத்தை அறியாது. 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ-320 விமானம், ஓடுபாதைக்கு முன்னதாகவே கோல்ப் மைதானத்தில் விழுந்து, 146 பேரில் 92 பேர் மாண்டனர். இறங்கும் வேகத்துக்குரிய குமிழ் என்றெண்ணி உயரத்துக்குரிய குமிழைத் திருப்பியிருக்கலாம் என்பது விசாரணையில் எழுந்த ஊகம். எப்படியாயினும், எஞ்சின் விசையை ஆளும் தானியங்கி ஏற்பாடு, தனக்கிடப்பட்ட முறைப்படி விசையை அடக்கியே வைத்திருந்தது. வேகம் தேய்ந்துகொண்டே போனதை விமானிகள் வேளையோடு கவனிக்கவில்லை. யந்திரம் பழுதாகவில்லை, கீழ்ப்படிந்தது, அவ்வளவுதான்!

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் உருவான தக்ஷா ட்ரோன்களைத் தரையில் நின்றே செலுத்துகிறார்களே, பிரயாணிகள் விமானத்தையும் அவ்வாறு செலுத்தினாலென்ன என்று கேட்பவர் உளர். பெரிய விமானத்தை அவ்விதம் ஓட்டியதும் உண்டு. 1984 டிசம்பர் 1 அன்று, எளிதில் தீப்பற்றாத எரிபொருளைப் பரீட்சிக்கும் பொருட்டு, ஆளில்லாத போயிங் 720 ஒன்றைத் தரையிலிருந்தே செலுத்தி, கலிபோர்னியப் பாலைவனத்தில் வேண்டுமென்றே மோதவிட்டார்கள். தேர்ந்த விமானி செலுத்தியும், அது இடப்புறம் சாய்ந்து, திட்டமிட்ட நிலைக்கு மாறாக விழுந்து தீப்பிடித்தது. இதற்கு மேல் தாமதம் வேறு: 36,000 கிலோமீட்டர் உயரத்துத் துணைக்கோள் வழியாகக் கட்டளை போய்ச்சேர ஏறக்குறைய கால் வினாடி, விளைவு திரும்பி வந்து தெரிய மற்றொரு கால் வினாடி. நடுவானில் இஃது அற்பம். ஓடுபாதைக்கு மேலே குறுக்குக்காற்று அடிக்கையில் அற்பமன்று. பெங்களூரில், ஆசனத்திலேயே அமர்ந்திருந்தவர்க்குப் புலப்படாதது, தொலைதூர அறையில் திரையை நோக்கியிருப்பவர்க்குப் புலப்படும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

2019-ல் பிரான்சின் துலூஸ் நகரில் ஏர்பஸ் கம்பெனியார், காமிராவின் பார்வையைக் கொண்டே ஒரு விமானத்தைத் தானாக மேலெழச் செய்தபோதும், விமானிகளை உள்ளே அமர்த்தியே வைத்திருந்தனர்.