எம்மூர் ஆவிரை

அண்மையில் உள்ள பொருளை மதியாமையும், சேய்மையில் உள்ளதனை விழைந்து போற்றுதலும் மக்கட்கு இயல்பு. இவ்வியல்பினால் யாம் இழந்த தண்ணீர் எத்துணை என்பதனையும், அவ்விழப்பினை எமக்கு உணர்த்திய செடி யாது என்பதனையும் ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தனம்.

எமது ஊர் திண்டுக்கல் மாவட்டத்துத் தொப்பம்பட்டி. அது பழனிக்கு வடக்கே வறண்ட சமவெளியில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையினை மேற்கு மலைகள் தடுத்துவிடுதலின், ஐப்பசி கார்த்திகைத் திங்களில் வடகிழக்குக் காற்றுக் கொணரும் மழையே எம்மனோர்க்குப் பெருந்துணை. இத்தகைய ஊரில் எம் இல்லத்து முற்றத்திலே ரோஜாவும் குரோட்டனும் வரிசையாக வைத்திருந்தோம். கோடையில் அவற்றிற்கு நாளொன்றுக்கு ஆறு குடம் நீர் வேண்டியிருந்தது. ஒரு சித்திரையில் கிணறு அடிமண் காட்டிற்று. எம் அன்னையார் தெருக்குழாயில் வரிசையில் நின்று சுமந்து வந்த நீரில் பாதி செடிகளுக்கே சென்றது. ஒருநாள் அவர் குடத்தை இறக்கி வைத்து, “இவற்றுக்கு நான் சுமக்கிறேன், வேலியோரத்து ஆவாரைக்கு யார் சுமக்கிறார்கள்?” என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஆவாரை என வழங்கும் செடியே பண்டை நூல்களில் ஆவிரை எனப்படுவது. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் இதுவும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் மடலேறுங்கால் எருக்கும் பூளையும் ஆவிரையும் அணிந்து வருதலைச் சங்கநூல் பயில்வார் அறிவர். கொங்குநாட்டு மக்களோ தைப்பொங்கலுக்கு முன்னாள் இம்மலரைப் பூளையோடும் வேப்பிலையோடும் சேர்த்து வீட்டு இறவாணத்தில் காப்பாகக் கட்டுகின்றனர். மேனாட்டறிஞர் லின்னேயசு 1753-ஆம் ஆண்டில் இதற்குக் ‘காசியா ஆரிகுலாட்டா’ எனப் பெயரிட்டார். இதன் இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற சிற்றிலை உண்மையின், ‘செவியுடையது’ என்னும் பொருள்பட அப்பெயர் அமைந்தது. இக்காலத்தார் இதனைச் ‘சென்னா’ என்னும் இனத்துள் வைத்து எண்ணுவர்.

இச்செடி பெரும்பாலும் ஓராள் உயரம் வளர்வது. ஆழ இறங்கும் ஆணிவேர் உடைமையால், மேல்மண் காய்ந்த பின்னும் இது வாடுவதில்லை. பொன்னிறப் பூக்கள் கொத்துக்கொத்தாகப் பூப்பன. பூவில் தேன் இல்லை. மகரந்தமே வண்டுகட்கு உணவு. அம்மகரந்தமும் பைகளின் நுனியிலுள்ள சிறு துளை வழியே வெளிப்படுவதாகலின், கருநிறப் பெருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்து அதனை உதிர்த்துக்கொள்ளும். காலையில் செடியருகே நின்று செவிசாய்ப்பார்க்கு அவ்வோசை நன்கு கேட்கும்.

நிற்க. இதன் பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலைப் பதப்படுத்த வல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்கு அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் தென்னாட்டுத் தோல் தொழிலுக்கு இப்பட்டை பெரிதும் பயன்பட்டது. திண்டுக்கல் அத்தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரங்களுள் ஒன்று. பின்னர்த் தென்னாப்பிரிக்காவினின்று ‘வாட்டில்’ மரப்பட்டை கப்பலேறி வந்தது. ஆஸ்திரேலியாவுக்கு உரிய அம்மரத்தை நீலகிரியிலும் பழனிமலையிலும் தோட்டங்களாக வளர்த்தனர். குரோமிய உப்பினால் தோல் பதனிடும் முறை பரவவே, பட்டைகளின் தேவை குறைந்தது. ஆனால் வாட்டில் மரம் மலைமேல் உள்ள இயற்கைப் புல்வெளிகளை மூடிப் பரவி, அகற்றற்கரிய களையாய் நின்றுவிட்டது. மலையில் அயல்மரத்தை வளர்த்தவர் செய்ததும் முற்றத்தில் குரோட்டன் வைத்த யாம் செய்ததும் அளவால் வேறுபடினும், தம் நிலத்துக்கு இயைந்தது எது என்று எண்ணிப் பாராமையால் ஒன்றே.

இனி, வளர்க்கும் முறையினைக் கூறுவாம். யாம் முதலில் முதிர்ந்த நெற்றுக்களைப் பறித்து, இருபது விதைகளைத் தொட்டியில் ஊன்றி நாள்தோறும் நீர் வார்த்தோம். மூன்றே முளைத்தன. அவையும் ஒரு சாண் உயரத்தில் வேரழுகி மாண்டன. வறட்சிக்கு அஞ்சாத செடியை எமது மிகையன்பு கொன்றது.

பிழையை ஆராய்ந்து மறு ஆண்டு வேறுவகையில் முயன்றோம். விதையின் தோல் மிகக் கடியது; நீர் உட்புகுவதில்லை. ஆதலின், கொதிக்க வைத்து அடுப்பினின்று இறக்கிய நீரில் விதைகளை இட்டு, ஓரிரவு அப்படியே ஊறவிடல் வேண்டும். காலையில் பருத்திருப்பனவே ஊன்றத்தக்கன. ஆணிவேர் தொட்டியில் வளைந்து கெடுமாகலின், நிலத்திலேயே ஊன்றுதல் நலம். புரட்டாசி இறுதியில், மழைக்கு முன்னர், ஓரடி ஆழக் குழி தோண்டி அம்மண்ணையே இளக்கி நிரப்பி, குழிக்கு மூன்று விதையாக ஊன்றினோம். குழிகளுக்கிடையே ஐந்தடி இடைவெளி விட்டோம். சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறைவடிவாகச் சிறு வரப்பு அணைத்தமையால், ஓடிவந்த மழைநீர் வேரடியில் தங்கி இறங்கிற்று. எரு இடவில்லை. சருகு கொண்டு மண்ணை மூடினோம். முளைத்தவற்றுள் வலியதொன்றை மட்டும் குழிதோறும் விடுத்தோம்.

முதற்கோடையில் மட்டும் பத்து நாட்களுக்கு ஒருமுறை செடிக்கு அரைக்குடம் நீர், அதுவும் அரிசி கழுவியதும் பாத்திரம் அலம்பியதும், வார்த்தோம். இரண்டாம் ஆண்டு முதல் அதுவும் வேண்டாதாயிற்று. மழைக்கு முன் கிளைகளை முழங்கால் உயரத்திற்கு வெட்டிவிடின், செடி அடர்ந்து தழைத்து மிகுதியாகப் பூக்கும். இலைகளில் புழுக்கள் காணப்படின் மருந்து தெளித்தல் வேண்டா. அவை வெளிறிய நிறமுடைய வண்ணத்துப்பூச்சியாய் மாறிப் பறப்பன. எம் செடிகள் தின்னப்பட்ட இலைகளை இரு வாரத்தில் மீண்டும் பெற்றன.

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அதனை நம்பி மருத்துவரை விடுத்து இப்பூவையே நீரிழிவுக்கு மருந்தாகக் கொள்வார் உளர், அது தக்கதன்று. பூவின் பிற பயன்களோ பலவாம். உலர்த்திய பூவைக் கொதிக்க வைத்துப் பருகுதல் தமிழகத்திலும் இலங்கையிலும் வழக்கம். 2014-இல் தோன்றிய தெலங்கானா மாநிலம் ‘தங்கேடு’ என்னும் பெயரால் இம்மலரையே தன் மாநில மலராகக் கொண்டுள்ளது. நம்மவரோ இதனை இன்றும் களையென்று பிடுங்கி எறிகின்றனர்.

மாணவ நண்பர்களே, நம் கல்லூரித் தோட்டத்தின் ஒரு மூலையில், குழாய் எட்டாத இடமாகவே பார்த்து, வரும் புரட்டாசியில் பத்துக் குழிகள் தோண்டுவோம். விதை யாம் கொணர்வோம். எம் இல்லத்து முற்றத்தில் இப்பொழுது ஏழு ஆவிரைகள் நிற்கின்றன. ரோஜா ஒன்றனை மட்டும் அன்னையார் விருப்பத்தால் வைத்துள்ளோம். சென்ற கோடையிலும் கிணறு வற்றிற்று. அன்னையார் சுமந்த குடங்களில் ஒன்றேனும் ஆவிரைக்குச் சென்றதில்லை, ஏழும் பூத்திருந்தன.