ஆண் துணை இல்லாமலும் முட்டையிடும் பச்சோந்தி

சேவலே இல்லாத பண்ணையில் கோழி முட்டையிடுவது நமக்கு ஆச்சரியமில்லை. அதே வேலையைப் பெண் பச்சோந்தி செய்தால்தான் வளர்ப்பவர்கள் திகைத்துப்போகிறார்கள். "ஒற்றையாகத்தானே வளர்க்கிறோம், முட்டை எங்கிருந்து வரும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியோடு சும்மா இருந்துவிடுவதால்தான் பல பச்சோந்திகள் இளம் வயதிலேயே செத்துப்போகின்றன. முட்டை வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் முன்கூட்டியே தடுத்துவிடலாம்.

நம் ஊர் வேலிகளில் பார்க்கும் பச்சோந்தியைப் பற்றி இங்கே பேசவில்லை. அது இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. பிடித்து வளர்ப்பது குற்றம். இங்கே சொல்வது, ஏமனிலும் சவூதியின் தென்மேற்கு மலைப்பகுதியிலும் பிறந்து, இன்று அமெரிக்கா, கனடா, ஐரோப்பா என்று வீடுகளில் வளர்க்கப்படும் ஏமன் பச்சோந்தியைப் பற்றி. தலையில் உயர்ந்த கொண்டை உள்ள இனம்.

ஆறு மாதத்திலேயே முட்டை

ஏமன் பச்சோந்தி நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் முட்டையிடும் பருவத்தை எட்டிவிடலாம். அதன் உடல் அப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். ஒரு ஈட்டுக்கு 20 முட்டை என்பது குறைந்த கணக்கு. 60, 70 என்று இடுபவையும் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் உடம்புக்குள் இத்தனை முட்டையா என்று நினைத்துப் பாருங்கள். எலும்பிலும் தசையிலும் இருக்கும் சத்தெல்லாம் அதற்கே போய்விடும். சூடும் தீனியும் மிதமிஞ்சினால் சில மாதங்களுக்கு ஒருமுறை இது திரும்பத் திரும்ப நடக்கும்.

பாசத்தில் கூடிப்போகும் தீனி

இதைச் சொன்னால் பலருக்கு மனசு கேட்காது. பூச்சியைக் கண்டதும் நாக்கை நீட்டி லபக்கென்று பிடிக்கிற அழகுக்காகவே நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால், தீனி நிறையக் கிடைத்தால் அதன் உடல் "முட்டையிட நல்ல காலம்" என்று எடுத்துக்கொள்கிறது. குட்டிக்கு வேண்டிய அளவு கொடுங்கள், பட்டினி போடாதீர்கள். வளர்ந்த பெண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மூன்று பூச்சிகள் போதும் என்பது அனுபவமுள்ளவர்களின் கணக்கு.

சூடும் அப்படித்தான். வெயில்காயும் கிளையில் 27 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்துக்கொண்டால் முட்டைகளின் எண்ணிக்கை குறைகிறது. சில பச்சோந்திகள் முட்டையிடுவதையே நிறுத்திவிடுகின்றன. ஆணுக்குக் கொடுக்கும் சூட்டைப் பெண்ணுக்கும் கொடுக்க வேண்டாம். இரவில் விளக்கு எதுவும் வேண்டாம். வீட்டின் குளிர்ச்சியே போதும்.

கால்சியம் குறைந்தால் தசை வேலை செய்யாது

முட்டையை வெளியே தள்ளுவது தசை. அந்தத் தசை சுருங்கி விரியக் கால்சியம் வேண்டும். கடையில் வாங்கும் பூச்சிகளில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அதனால் பூச்சியை ஒரு டப்பாவில் போட்டு, வைட்டமின் டி3 கலக்காத கால்சியம் பொடியை மெல்லத் தூவிக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். டி3 கலந்த பொடி மாதத்துக்கு இரண்டு முறை போதும். அது அளவுக்கு மிஞ்சினால் கெடுதல்.

பொடி மட்டும் போதாது. புறஊதா பி கதிர் தரும் குழல்விளக்கு இல்லாவிட்டால் தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டாது. ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறோமே என்பார்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கு எரிகிறது என்பதாலேயே கதிர் வருகிறது என்று நம்பிவிடாதீர்கள். நிறுவனம் சொல்லும் கெடு முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

தண்ணீரும் முக்கியம். பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். கண் குழிவிழுந்திருந்தாலும், எச்சத்தின் வெள்ளைப்பகுதி ஆரஞ்சு நிறமானாலும் உடலில் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு தொட்டி ஈர மணல்

எல்லாம் சரியாக இருந்தும், தோண்ட இடம் இல்லாததால் முட்டையை அடக்கிக்கொண்டே செத்துப்போன பச்சோந்திகள் உண்டு. வெறும் கூண்டுத் தரையில் முட்டையிட அதற்கு மனம் வராது. நான்கு மாதம் ஆனதுமே கூண்டுக்குள் ஒரு தொட்டியை நிரந்தரமாக வைத்துவிடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு அடிக்குக் குறையக்கூடாது. கழுவிய மணலை நிரப்பி ஈரப்படுத்துங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. விரலால் ஒரு குழி போட்டுப் பாருங்கள். இடிந்துவிழுந்தால் ஈரம் பற்றாது.

நேரம் வந்ததும் அதன் போக்கே மாறும். தீனியைத் திரும்பிப் பார்க்காது. கூண்டுக்குள் மேலும் கீழும் அலையும். பச்சை உடம்பு கருத்து, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் பளிச்சிடும். பிறகு மணலில் இறங்கி, முன்கால்களால் வாரிப் பின்கால்களால் தள்ளி, உடம்பு முழுக்க மறையும் வரை சுரங்கம் தோண்டும். உள்ளே திரும்பிக்கொண்டு, தலை மட்டும் வாசல்பக்கம் இருக்க முட்டையிடும். முடிந்ததும் மணலை இழுத்துத் தட்டி, இடம் தெரியாதபடி மூடிவிடும். இதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

அந்த நேரத்தில் நீங்கள் எட்டிப்பார்ப்பதை அது கண்டுவிட்டால் தோண்டிய குழியைக் கைவிட்டுவிடும். நாலைந்து முறை அப்படி ஆனால் முட்டை உள்ளேயே நின்றுவிடும். கூண்டைச் சுற்றித் துணியைக் கட்டுங்கள். குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள். செல்போனில் படம் எடுக்கும் ஆசையை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

இட்டு முடித்து மேலே ஏறியதும் இலைகளில் நன்றாகத் தண்ணீர் தெளியுங்கள். சில நாள் கால்சியம் தூவிய தீனியைச் சற்றுத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆணோடு சேராத பச்சோந்தியின் முட்டை பொரிக்காது, எடுத்து அப்புறப்படுத்திவிடலாம்.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது, கிளையைப் பிடிக்க முடியாமல் தரையிலேயே கிடப்பது, வயிறு பெருத்தும் தோண்டாமல் சோர்ந்திருப்பது, கொஞ்சம் முட்டை இட்டுவிட்டு நின்றுபோவது... இவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்கே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நீரும் கால்சியமும் ஏற்றி, தேவைப்பட்டால் மருந்து கொடுப்பார். அதற்கும் வழிக்கு வராவிட்டால் அறுவைச் சிகிச்சை செய்வார். வயிற்றை நீவிவிடுவதும் விளக்கெண்ணெய் புகட்டுவதும் வேண்டவே வேண்டாம். அழுத்தினால் உள்ளேயே முட்டை உடைந்து, கரு சிதறி, வயிறு முழுக்கச் சீழ்பிடிக்கும்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பச்சோந்தியைப் பார்ப்பதில்லை. ஆகவே பெண் பச்சோந்தி வாங்குமுன், அதைப் பார்க்கும் மருத்துவர் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, அவருடைய எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.