உறையும் ஒளியும்

பேரா மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே அமைந்துள்ள ஊர் சுங்கை சிப்புட். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் தோட்டங்கள் உருவாயின. அங்குத் தமிழர்கள் பலர் பால்மரம் சீவி வாழ்ந்தனர். மரப்பாலிலிருந்து செய்யப்படும் கையுறை, இன்று மருத்துவரையும் நோயாளியையும் கிருமிகளிலிருந்து காக்கிறது. கைக்கு உறை இருப்பதுபோல் சில மருத்துவக் கருவிகளுக்கும் உறை உண்டு. அத்தகைய கருவிகளுள் ஒன்று அகநோக்கி.

அகநோக்கி என்பது உடலின் உட்பகுதியைக் காண உதவும் மெல்லிய குழாய். அதன் நுனியிலிருந்து வரும் ஒளி உள்ளுறுப்பின்மீது படுகிறது; வில்லை அக்காட்சியைப் பெற்றுத் தருகிறது. ஒரே கருவி பலருக்குப் பயன்படுவதால், ஒருவரின் கிருமி மற்றவருக்குத் தொற்றக்கூடும். ஆகவே, மூக்கு, தொண்டை ஆகியவற்றைச் சோதிக்கும் அகநோக்கிகள் சிலவற்றுக்கு ஒருமுறை மட்டுமே பயன்படும் உறை அணிவிக்கப்படுகிறது.

மரப்பால் படலம் ஒளிபுகும் தெளிவுடையதன்று. எனவே, உறையின் நுனியில் தெளிவான நெகிழிச் சாளரம் பொருத்தப்படுகிறது. ஆயினும், எவ்வளவு தெளிவான சாளரமும் சிறிது ஒளியை இழக்கச் செய்யும். அதன் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காட்டு ஒளி தெறித்துத் திரும்புகிறது. இரு பரப்புகளிலும் சேர்த்து 8 விழுக்காடு குறைகிறது. ஒளி வெளியே செல்லும்போதும் திரும்பி வரும்போதும் சாளரத்தைக் கடந்தால், 100 பங்கில் 85 பங்கே எஞ்சும்.

ஒளிக்குறைவை விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம். தெறிக்கும் ஒளியே பெருந்தொல்லை. இரவில் சன்னல் வழியே வெளியே பார்த்தால், அறை விளக்கின் பிம்பம் கண்ணாடியில் தோன்றி வெளிக்காட்சியை மறைக்கும் அல்லவா? அதுபோலவே, சாளரத்தில் தெறித்த ஒளி வில்லைக்குள் புகுந்து படத்தை வெளுக்கச் செய்கிறது. சுருக்கம், கீறல், நீராவிப் படலம் ஆகியவையும் படத்தை மங்கச் செய்யும். இக்குறைகளைத் தவிர்க்க, சாளரம் அகநோக்கியின் நுனியோடு இறுகப் பொருந்த வேண்டும்.

படத்தின் தெளிவு உயிரோடு தொடர்புடையது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் மலேசிய ஆண்களிடையே பரவலாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. தொடக்கத்தில் அது சிறு தடிப்பாகவோ நிறமாற்றமாகவோ மட்டும் தோன்றக்கூடும். மங்கிய படத்தில் அது கண்ணுக்குத் தப்பிவிடலாம். அதற்காக உறையே வேண்டாம் என்று ஒதுக்கவும் இயலாது. உறை இருக்கிறதே என்று தூய்மைப் பணியைக் கைவிடவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத சிறு துளையும் கிருமிக்கு வழிவிடும். தொற்றைத் தடுப்பதும் நோயைத் தெளிவாகக் காட்டுவதும் ஒருங்கே நிறைவேறினால்தான் உறை நோயாளிக்கு முழுப் பயன் தரும்.