கண்ணுக்கு அழகு, குடியிருக்க எப்படி?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் பழமொழி. கட்டிய வீட்டில் குடியிருந்து பார்ப்பது அதைவிடப் பெரிய சோதனை என்பதைக் குன்னத்துகால், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வீடு கட்டியவர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

இவ்வட்டாரத்துக்கு ஆண்டில் இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசியில், மலையாளத்தார் துலாவர்ஷம் என்று சொல்லும் வடகிழக்குப் பருவமழை. பழைய ஓட்டு வீடுகள் இந்த இரண்டையும் எண்ணியே கட்டப்பட்டவை. சரிந்த கூரை தண்ணீரைத் தங்கவிடாது. சுவரைத் தாண்டி நீண்ட இறவாரம் சாரலைத் தடுக்கும். பின்னர் தட்டையான கான்கிரீட் கூரையும், முகப்பில் அலங்கார வளைவுகளும் கௌரவத்தின் அடையாளமாயின. இன்று அத்தகைய வீடுகள் பலவற்றின் மட்டுப்பாவில் இரும்புக் குழாய்களை நாட்டித் தகரக் கூரை போட்டிருப்பதைச் சாலையில் செல்வோர் காணலாம். கசிவும் வெயிலும் தாங்காமல் போட்ட இரண்டாவது கூரை அது.

குமாஸ்தாவோ தொழிலாளியோ வாழ்நாளில் ஒருமுறைதான் வீடு கட்டுகிறார். பிராவிடண்ட் பண்டுக் கடனும், வளைகுடாவில் வியர்வை சிந்திய பணமும் அதில் அடக்கம். ஆகவே வீட்டின் அழகு யாருக்காக என்பது அவருக்கு வெறும் ரசனைக் கேள்வி அல்ல.

மேதைகளின் வீடுகளும் ஒழுகின

சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கொர்புசியேயின் பெயரை அறியாத பொறியாளர் இல்லை. அவர் பாரிசுக்கு அருகே புவாஸி என்ற ஊரில் சவோய் குடும்பத்தாருக்காக 1928 முதல் 1931 வரை ஒரு வீடு கட்டினார். மெல்லிய தூண்களின்மேல் மிதப்பது போன்ற வெண்ணிற வீடு, கூரையோ தட்டை. கூடத்துக்குள் மழை வருகிறது என்று திருமதி சவோய் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். குடியிருக்கத் தகுதியற்ற வீடு என்று 1937இல் முறையிட்டு, வழக்குத் தொடரப்போவதாகவும் எச்சரித்தார். 1940இல் போரின் காரணமாகக் குடும்பம் வெளியேறியது. அதே வீட்டைப் பிரெஞ்சு அரசு 1965இல் நினைவுச் சின்னமாக்கியது. 2016இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது இடம்பெற்றது.

அமெரிக்காவில் பிராங்க் லாயிட் ரைட் 1930களில் காஃப்மன் என்ற வணிகருக்காக அருவியின் மேலேயே ஒரு வீடு எழுப்பினார். பார்த்தவர் வியந்தனர், வீட்டுக்காரரோ ஒழுகும் இடங்களில் வாளி வைத்தார். அந்தரத்தில் நீண்டிருந்த தளங்கள் தொய்ந்துபோய், 2002இல் எஃகு வடங்களால் இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது.

தம்பானூரில் ஒரு பதில்

இதற்கு மாறான வழியைக் காட்டியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த இவர், தொழுநோயாளர் மருத்துவமனைகளுக்குக் கட்டிடம் அமைக்கும் பணிக்காக இந்தியா வந்தார். பின்னர் திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்து, 2007இல் மறைந்தார். தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்குவோர் காணும் சுருள் வடிவ இந்தியன் காபி ஹவுஸ் இவர் அமைத்ததே. சுற்றிச் சுற்றி ஏறும் சரிவு. சுவரோடு சேர்த்துக் கட்டிய இருக்கைகள். காற்றும் வெளிச்சமும் நுழையும் சிறு துவாரங்கள். உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையமும் அவருடைய கைவண்ணமே.

எதைக் கட்டுவது என்பதற்கு முன், மழை எங்கே போகும், காற்று எப்படி வரும் என்று அவர் பார்த்தார். அந்தந்த ஊர் மக்கள் தலைமுறைகளாகக் கட்டிவந்த முறையைக் கற்றுக்கொண்டார். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். அந்த வெற்றிடம் வெப்பத்தையும் குறைக்கும். கூரையிலும் பழைய ஓடுகளை இடையே பதித்துக் கான்கிரீட்டையும் சிமெண்டையும் மிச்சப்படுத்தினார். பூச்சில்லாத செங்கல் சுவரே அவருடைய அலங்காரம்.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையில் நடுப்பகலிலும் குளிர்ச்சி நிலவக் காரணம், தச்சர்கள் அமைத்த மரச் சட்டகங்களும் தாழ்ந்த சரிவுக் கூரையுமே. கண்ணைக் கவரும் அந்த வேலைப்பாடு காற்றை அனுப்பவும் மழையைத் தடுக்கவும் பிறந்தது.

பேக்கர் முறையிலும் குறை சொல்வோர் உண்டு. துவாரச் சுவர் வழியே கொசுவும் தூசியும் வருகின்றன; பூச்சில்லாச் சுவரில் மழைக்காலத்தில் பாசி பிடிக்கிறது. தேர்ந்த கொத்தனார் கிடைக்காவிட்டால் எலிப்பொறிக் கட்டும் கோணலாகும். எனவே யாருடைய பாணியையும் கண்மூடிப் பின்பற்றத் தேவையில்லை.

படத்தைக் காட்டி "இதுபோல் வேண்டும்" என்று கேட்பதற்கு முன், கொத்தனாரிடமும் பொறியாளரிடமும் சில கேள்விகள் கேட்பது நலம். ஐப்பசி மழையில் சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும்? மாடியில் விழும் நீர் எந்த வழியாக இறங்கும்? மின்விசிறி ஓடாத நேரத்தில் எந்த அறையில் படுக்க முடியும்? கசிந்தால் பழுது பார்க்க உள்ளூரில் ஆள் உண்டா?

இவற்றுக்கு ஒழுங்கான விடை சொல்லும் வீட்டில் அழகு தானாகவே வந்து சேரும். சவோய் வீட்டைக் காப்பாற்ற ஓர் அரசு இருந்தது. குன்னத்துகாலில் ஒழுகும் வீட்டை எந்த அரசும் நினைவுச் சின்னமாக ஏற்கப் போவதில்லை. வாளி வைக்க வேண்டியவர் கடன் வாங்கிக் கட்டியவர்தான்.