ஜாமீன் கையெழுத்து கழலும் வழி

வண்டிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களில் பலர், டியூ நின்றால் ஃபைனான்ஸ்காரர்கள் முதலில் வண்டியைப் பிடிப்பார்கள், கடனாளியைத் துரத்துவார்கள், அதற்குப் பிறகே தங்களிடம் வருவார்கள் என்று நம்புகிறார்கள். சட்டத்தில் அந்த வரிசை இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒரே அளவு. கடனாளியிடம் எல்லா வழியும் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது என்பதை பேங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-இலேயே சொல்லிவிட்டது.

கள்ளக்குறிச்சியின் கருணாபுரம்போல அன்றாடக் கூலியில் ஓடும் குடியிருப்புகளில் சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ காட்டக்கூடியவர்கள் குறைவு. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்க ஒருவர் பழைய பிக்கப் வாங்கினாலும், வாடகைக்கு விடக் கார் எடுத்தாலும், மாதச் சம்பளம் வாங்கும் மாமனோ மைத்துனனோ கையெழுத்துப் போட்டால்தான் கடன் நகரும். முகத்துக்காகப் போட்ட அந்தக் கையெழுத்து, அதே மாமன் வீட்டுக் கடனுக்குப் போகும்போது குறுக்கே நிற்கும். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் அந்த வண்டிக் கடன் அவர் பெயரிலும் இருக்கும். தவணை தவறினால் அதுவும் பதிவாகும்.

‘இனி நான் ஜாமீன் இல்லை’ என்று கடிதம் கொடுத்து விலக முடியாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு ஜாமீனைத் திரும்பப் பெற இடம் தருவது தொடர் ஜாமீனுக்கு, அதுவும் இனி நடக்கப்போகும் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும். வண்டிக் கடனோ ஒரே தவணையில் கொடுத்து முடிந்த பணம்.

மீதி இருப்பவை இரண்டு வழிகள். வேறு ஜாமீன்தாரரைக் காட்டி, கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு பழையவரை விடுவிப்பது ஒன்று. சம்மதிப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம். மற்றொன்று, கடனாளி தன் பெயரில் மட்டும் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைப்பது. பழைய கடன் தீர்ந்தால் அதற்கான ஜாமீனும் தீரும். இரண்டு, மூன்று வருடம் டியூ தவறாமல் கட்டியவருக்கு இந்த வழி பெரும்பாலும் திறக்கும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 3 லட்சம் ரூபாய் பாக்கி, 16 சதவீத வட்டி, இன்னும் 36 மாதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,550 ரூபாய். அதே 36 மாதத்துக்கு 12 சதவீதத்தில் மாற்றினால் தவணை 9,965 ரூபாய். மொத்தத்தில் சுமார் 21,000 மிச்சம். முன்கூட்டி அடைப்பதற்கு 4 சதவீதம் கேட்டால் 12,000 போகும், ஜி.எஸ்.டி., புதுக் கடனின் பிராசஸிங் கட்டணம் தனி. தவணையைக் குறைக்கலாம் என்று 60 மாதமாக இழுத்தால் மாதம் 6,675 ரூபாய்தான், ஆனால் வட்டி மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். பழைய கடனிலேயே இருந்திருந்தால் அது 80,000-க்குள் முடிந்திருக்கும். ஜாமீன்தாரரை விடுவிக்க இந்தச் செலவு தகுமா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில், தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி. வண்டிக் கடன்களோ பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பவை.

பணம் கட்டியதோடு வேலை முடியாது. பழைய நிறுவனத்திடம் என்.ஓ.சி.யும், இரு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யில் வண்டி அடமானத்தைக் காட்டும் ஹெச்.பி. பதிவை நீக்க வேண்டும். புதிய நிறுவனத்தின் பெயரை ஏற்றப் படிவம் 34. இன்சூரன்ஸ் பாலிசியிலும் பெயர் மாற வேண்டும். சொந்த உபயோகக் காரென்றால், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் பழைய நிறுவனமே ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவையும் நீக்கித் தரவேண்டும். தாமதம் அவர்களால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இந்த ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது.

ஜாமீன்தாரர் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியவையும் உண்டு: கணக்கு முடிந்ததற்கான கடிதத்தின் நகல், கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகள். புதுக் கடன் தாள்களில் தன் பெயர் மறுபடி நுழையவில்லை என்பதையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். உறவுக்குள் ‘ஒரு கையெழுத்துதானே’ என்று மீண்டும் வருவது வழக்கம்தான்.

விடுபடும் முன்பே கடனாளி கைவிரித்து, ஜாமீன்தாரர் முழுப் பாக்கியையும் கட்ட நேர்ந்தால், கடன் கொடுத்தவருக்கு இருந்த உரிமைகள் ஒப்பந்தச் சட்டத்தின் 140-ஆவது பிரிவுப்படி அவருக்கு வந்துசேரும். கட்டிய பணத்தைக் கடனாளியிடம் கேட்க 145-ஆவது பிரிவு இருக்கிறது. அதற்கு ரசீது ஜாமீன்தாரர் பெயரில் இருக்க வேண்டும். எந்த வழியில் கடன் தீர்ந்தாலும், கணக்கு முடிந்த சில வாரங்களில் கடன் அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் ‘முடிந்தது’ என்று மாறியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும்.