வெண்கலத்துக்கு ஏன் வறண்ட பேழை?

மண்ணுக்கடியில் நெடுங்காலம் கிடந்த வெண்கலத் திருமேனிகளில் நிலத்தின் உப்பு ஊறியிருக்கும். அந்த உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கிவிடுகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 42 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது அடங்கியிருக்கும். அதற்கு மேலே போனால் நீரையும் ஆக்சிஜனையும் பற்றிக்கொண்டு வெளிர்பச்சைத் தூளாகப் பூக்கும். இதுவே வெண்கல நோய். அப்போது உண்டாகும் அமிலம் எஞ்சிய செம்பையும் அரிப்பதால் நோய் தானாக நிற்பதில்லை. சென்னையின் வெளிக்காற்றிலோ ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியும் 60 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆகவே இத்தகைய சிலைக்கு வறண்ட காற்றே முதல் காப்பு.

கோயில் உற்சவமூர்த்திகள் நூற்றாண்டுகளாகச் சாதாரணக் காற்றில் நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். புதையுண்டு உப்பு ஏறாதவை, அபிஷேகத்துக்குப் பின் கழுவித் துடைக்கப்படுபவை என்பதே அவற்றின் நலத்துக்குக் காரணம். சிலைகள் வைத்த அருங்காட்சியகக் கூடத்தையே குளிரூட்டினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. குளிர்ச்சி வேறு, வறட்சி வேறு. 30 டிகிரி செல்சியஸில் 70 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை, நீரைப் பிரிக்காமல் 24 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஈரப்பதம் ஏறக்குறைய 100 விழுக்காட்டைத் தொட்டுவிடும். குளிரூட்டி ஓடும்போது ஓரளவு நீரைப் பிரிக்கும்; இரவில் அதை நிறுத்தினால் ஈரக்காற்று மீண்டும் உள்ளே வந்து குளிர்ந்த உலோகத்தில் படியும். மாறாக, காற்றுப் புகாத பேழையும் அதனுள் ஈரத்தை உறிஞ்ச வைத்த சிலிக்கா ஜெல்லும் மின்சாரமின்றியே வேலை செய்கின்றன. ஈரம் நிறைந்த ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மறுபடியும் வைக்கலாம். ஆனால் இதே வறட்சியில் மரமும் தந்தமும் வெடிக்கும். அதனால் எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஓர் அளவை விதிப்பதைவிட, ஒவ்வொன்றின் இயல்பறிந்து தனிப் பேழை அமைப்பதே சரியான பாதுகாப்பு.